பட்டென்று வந்த சம்மதம்

"மெஷின் ரொம்ப வேகமா இருக்குதுங்க. சித்த மெதுவாக்கிக் குடுக்க முடியுங்களா?"

பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மெதுவாக ஓடுகிறது என்று திட்டியிருக்கிறார்கள். சூடாகிறது, பேட்டரியைக் குடிக்கிறது, பாதியில் நின்றுபோகிறது, எல்லாம் கேட்டாயிற்று. வேகமாக இருக்கிறது என்று ஒரு மனிதர் புகார் கொண்டுவந்து என் மேசை முன்னால் நின்றது அந்தத் திங்கட்கிழமை காலையில்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவும் இல்லை.

அவர் சிரிக்கவில்லை. பெயர் சென்னியப்பன். கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய மனைவி கருணாம்பிகை எங்கள் குரல்பட்டையைக் கழுத்தில் கட்டியிருப்பவர். நான்கு வருடத்துக்கு முன்னால் சேலைத் தலைப்பு பைக் சக்கரத்தில் சிக்கிக் குரல்வளை நசுங்கிப்போனது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள், குரல் திரும்பவில்லை.

குரல்பட்டை எப்படி வேலை செய்கிறது என்றால், பேச நினைக்கும்போது தொண்டை நரம்பிலும் தசையிலும் வார்த்தை முதலில் உருவாகிவிடும். குரல்வளை கெட்டுப்போனவர்களுக்கும் அதுவரை நடக்கும், சத்தம்தான் வராது. பட்டை அதைப் படித்து, அவர்களுடைய பழைய குரலிலேயே பேசும். பழைய கல்யாண வீடியோவில் நாலு வாக்கியம் கிடைத்தால்கூடக் குரலைத் தேற்றிவிடுவோம்.

நான் அந்தப் பட்டையைச் செய்தவள் இல்லை. நான் செய்தது அதற்குள் இருக்கும் நிரலைச் செதுக்கும் கம்பைலர். மனிதர்கள் எழுதுகிற நிரலை எந்திரத்துக்கு ஏற்ற கட்டளைகளாக மாற்றும்போதே, அதில் உள்ள வெட்டி வேலையையெல்லாம் கண்டுபிடித்து எடுத்துவிடும். உளி என்று பெயர் வைத்தோம். ஆறு மணி நேரம் தாங்கிக்கொண்டிருந்த பேட்டரி உளியின் கை பட்டபின் முப்பத்தொரு மணி நேரம் தாங்கியது. வார்த்தை உருவாகி வெளியே வர முன்பு முக்கால் நொடி ஆகும், இப்போது கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை நான் எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"அண்ணாச்சி, வேகமா இருந்தா நல்லதுதானே? ஊரே இதுக்குத்தான் எங்களைப் பாராட்டுது" என்றேன். நான் தூத்துக்குடிக்காரி. கோயம்புத்தூருக்கு வந்து ஒன்பது வருடமாகியும் வாயிலிருந்து அண்ணாச்சி போகவில்லை.

"நல்லதுதானுங்க. ஆனா எங்க வீட்டுல இப்புடிப் பட்டுன்னு சரி சொல்ற ஆளில்லீங்க."

"சரி சொல்றதுல என்ன குறை?"

அவர் உட்கார்ந்தார். கையிலிருந்த துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் குறை சொல்லாத குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

கருணாம்பிகையின் அண்ணன் நாச்சிமுத்துவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். தங்கையுடையது பொருந்துகிறது என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் கேட்டிருக்கிறார். "நீ ஒண்ணு குடுத்தீன்னா நான் பொழைச்சுக்குவேன் அம்மிணி." கேள்வி முடியும் முன்பே பட்டை சொல்லிவிட்டது, "சரிங்கண்ணா." அண்ணன் அழுதுவிட்டார். அண்ணி கருணாம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கமிட்டி முன்னால் சம்மதம் கேட்கப் போகிறார்கள்.

"இதுல உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்றேன்.

"எங்களுக்குக் கல்யாணமாகி இருவத்தி மூணு வருசமுங்க. அவளுக்குப் புடிச்ச விசயம்னா உடனே சரிம்பா. புடிக்கலீன்னாலும் சரிதானுங்க சொல்லுவா. ஆனா சித்த நேரம் சும்மா இருந்துட்டுச் சொல்லுவா. அந்தச் சித்த நேரத்துல நாங்க புரிஞ்சுக்கிட்டு, அட வேண்டாம் வுடு, பொறவு பார்த்துக்கலாம்னு நாங்களே சொல்லிருவமுங்க. குரல் போன பொறவு சிலேட்டுல எழுதுவா. அப்பவும் சாக்பீசைக் கையில சித்த நேரம் உருட்டுவா. அதுலயே எனக்குத் தெரிஞ்சுரும். இப்ப இந்த மெஷின்ல ஒண்ணும் தெரிய மாட்டீங்குது."

"நீங்களே கேட்டுப் பார்க்க வேண்டியதுதானே?"

"கேட்டனுங்க. நெசமாலுமே சரியான்னு கேட்டேன். பட்டுன்னு சரிங்கன்னுச்சு. வேண்டாம்னா சொல்லிரு கருணான்னேன். அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கன்னுச்சு, அதுவும் பட்டுன்னு."

எனக்குப் பொறுமை கம்மி. வேண்டாம் என்பதைச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது, அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பார்களாம், சுற்றி இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமாம். எங்கள் வீட்டில் என் அம்மாவுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஆனாலும் அந்த மனிதர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. பதிவை எடுத்துப் பார்க்கிறேன் என்றேன்.

பட்டை ஒவ்வொரு வார்த்தையையும் எப்போது படித்தது, எப்போது பேசியது என்று குறித்து வைத்திருக்கும். ஞாயிறு மதியம் ஒன்று நாற்பதுக்குப் போனேன். "சரிங்கண்ணா" தொண்டையில் உருவான கணத்திலேயே வெளியே போயிருந்தது. அதற்குக் கீழே தசையின் இறுக்கத்தைக் காட்டும் கோடு ஒன்று ஓடும், அதை யாரும் பார்ப்பதில்லை. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கோடு உச்சத்தில் நின்றது. ஒரு நொடி இரண்டு நொடி இல்லை. ஆறு நொடி. அந்தப் பெண் வார்த்தையைத் தொண்டையிலேயே இறுக்கிப் பிடித்து வைத்திருந்திருக்கிறாள். அவள் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அது வெளியே போய்ப் பேசி முடித்து, அண்ணன் அழவும் ஆரம்பித்துவிட்டார்.

பட்டையின் நிரலை எழுதியவர் இளம்பரிதி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பெருந்துறைக்காரர், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் மூன்று பேசுவார். நேரே அவர் அறைக்குப் போனேன்.

"பரிதி, ஆள் வார்த்தையை அடக்கி வச்சா உங்க நிரல் என்ன செய்யும்?"

"காத்திருக்குமுங்க. விட்டாங்களா, இல்ல. விட்டாங்களா, இல்ல. விடற வரைக்கும் சுத்தி சுத்திக் கேட்டுட்டே இருக்கும்."

"இப்ப காத்திருக்கலையே."

"அது இல்லீங்களே இப்ப. உளி எடுத்துருச்சு. எரநூத்திப் பன்னண்டாவது வெட்டு."

எனக்குப் புரிந்துவிட்டது. உளி எப்படி யோசிக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இங்கே ஒரு வளையம் சும்மா சுற்றுகிறது. எதையும் மாற்றுவதில்லை, எதையும் எழுதுவதில்லை. எப்படியும் ஒரு கட்டத்தில் முடியப்போகிறது. முடிந்ததும் வெளியே வரப்போவது உள்ளே போன அதே வார்த்தை. அப்புறம் எதற்கு இத்தனை சுற்று? வெட்டு. அதன் கணக்கில் விடை மாறவில்லை, நேரம்தான் மாறியது. நேரத்தை விடையில் சேர்க்கக்கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

சோதனையிலும் இது பிடிபடவில்லை. நாற்பது பேரை உட்காரவைத்து அட்டையில் எழுதிய கேள்விகளைக் கேட்டோம். உங்கள் பெயர் என்ன? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? உங்களுக்குப் பிடித்த நிறம் எது? உப்புமா சாப்பிட்டதைச் சொல்ல எவன் ஆறு நொடி தொண்டையை இறுக்குவான்?

பரிதி அந்த இடத்தில் குறிப்புகூட எழுதி வைத்திருந்தார். 'பேசுபவர் வார்த்தையை நிறுத்தி வைத்திருக்கிறார். பொறு.' மனிதர் படிப்பதற்காக எழுதும் குறிப்புகளை எந்தக் கம்பைலரும் முதல் வேலையாகத் தூக்கிப் போட்டுவிடும்.

"ஏங்க, உளி தானா எதையும் வெட்டாதே! ஒவ்வொரு வெட்டையும் எழுதினவங்க கிட்ட காட்டிச் சம்மதம் வாங்கினபிறகுதானே வெட்டும்? நான் உங்ககிட்ட கேட்டேன்லா? நீங்க சரின்னு சொன்னீங்கல்லா?"

"சொன்னனுங்க."

"பிறகு?"

பரிதி நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "எத்தனை நேரம் கழிச்சுச் சொன்னேன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

நான் வெட்டுகளுக்குச் சம்மதம் கேட்ட கூட்டத்தின் வீடியோ இருந்தது. இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். திரையில் நான், கையில் பட்டியலோடு, ரயில் பிடிக்கப் போகிறவள் மாதிரி. "இருநூத்திப் பன்னிரண்டு, சும்மா சுத்துற வளையம், எடுத்துரலாமா பரிதி?" பரிதி பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், சன்னலைப் பார்த்தார். அதற்குள் நான் அடுத்த வெட்டைப் படிக்க ஆரம்பித்திருந்தேன். ஒன்பதாவது நொடியில் பரிதி மெல்ல, "சரிங்க" என்றார். நான் தலையை நிமிர்த்தாமலே ஒரு கோடு போட்டேன்.

"இதை நான் வேண்டாம்னு எடுத்துக்கணுமா?"

"வேற எப்புடிங்க எடுத்துக்கறது?" என்றார் பரிதி. கிண்டல் இல்லை, நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன், அதற்குள் பரிதி டீ சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கருணாம்பிகையைப் பார்க்கப் போனேன். வீட்டின் முன்பாதி பட்டறை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தாமிரக் கம்பியை அச்சில் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு வயது. கழுத்துப் பட்டைக்கு மேல் புடவையை ஒழுங்காக இழுத்துப் போர்த்தியிருந்தார். சென்னியப்பன் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நடந்ததைச் சொன்னேன். கம்பைலர் என்றால் என்ன என்று விளக்க நான் திணறியபோது சென்னியப்பன் கைகொடுத்தார். "வேலை செய்யாத பார்ட்டைக் கழட்டி வீசறதுங்களா? எங்க மோட்டார்லயும் வாசர்னு ஒண்ணு இருக்குதுங்க. சும்மாதான் உக்காந்திருக்கும். கழட்டிப் போட்டுட்டு ஓட்டிப் பாருங்க, தெரியும்."

கருணாம்பிகை கம்பி சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப அன்னைக்கு நானாச் சொல்லலீங்களா?" பட்டைக் குரல் உடனே வந்தது, தண்ணீர் மாதிரி தெளிவாக.

"வார்த்தை உங்களுதுதான். நீங்க விடறதுக்கு முந்தி நாங்க பிடுங்கிட்டோம்."

அவர் கண் கலங்கிவிட்டது. "நான் வேற மாதிரி நெனச்சுட்டனுங்க. நான் இழுத்துப் புடிக்கப் புடிக்க அது வந்துருச்சுன்னா, அப்ப என்ற மனசுதான் குடுக்கச் சொல்லுது, நாந்தான் கெட்டவளாட்ட இழுத்துப் புடிக்கறேன்னு நெனச்சேன். ரெண்டு நாளா அந்த வெசனந்தானுங்க."

அத்தனை மேடையில் பேசிய வாய் ஒரு மன்னிப்புக் கேட்கத் தடுமாறியது. ஒருவழியாகக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் ஒண்ணு கேட்கலாமா?" என்றேன். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிர வேண்டியதுதானே? உங்க உடம்பு அது."

"நீங்க எந்தூருங்க?"

"தூத்துக்குடி."

"அதானுங்க" என்றார். சென்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் அவரே சொன்னார். "மத்தவங்களுக்குக் காட்டறதுக்குன்னு மட்டும் நான் சும்மா இருக்கறதில்லீங்க. அந்த நேரத்துலதான் நான் யோசிக்கறதே. வாய்க்கு மொதல்ல சரிதான் வரும், சின்னதுல இருந்து பழக்கம். அதைப் புடிச்சு வச்சுக்கிட்டு, இது வேணுமா வேண்டாமான்னு உள்ள பார்ப்பேன். அந்த நேரமே இல்லாமப் போனா நான் எங்கீங்க போய் யோசிக்கறது?"

அன்று மாலையும் மறுநாள் பகலும் நானும் பரிதியும் உட்கார்ந்தோம். இருநூற்றுப் பன்னிரண்டாவது வெட்டைத் திரும்ப ஒட்டி, 'இங்கே நேரமும் விடைதான், கை வைக்காதே' என்று உளிக்குப் புரியும்படி ஒரு கட்டளை போட்டோம். கூடவே புதிதாக ஒன்று சேர்த்தோம். பிடித்து வைத்த வார்த்தையை அவர் விடாமல் விழுங்கிவிட்டால், பட்டையும் அதை விட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கும். பிடித்து வைத்திருக்கும்வரை பட்டையின் விளக்கு மஞ்சளாக எரியும்படியும் செய்தோம். பேட்டரி பத்தொன்பது மணி நேரத்துக்கு இறங்கியது. இறங்கட்டும் என்றேன். பரிதி உடனே சரிங்க என்றார். புதன்கிழமை மாலை நானே கொண்டுபோய்க் கட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கமிட்டி. கருவி வழியாகப் பேசுகிறவர்களுக்கு, கருவி செய்த கம்பெனியிலிருந்து ஒருவர் கூட இருந்து, பிறகு பதிவையும் விளக்கத்தையும் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் விதி. நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டரம்மா, இரண்டு அதிகாரிகள். இந்தப் பக்கம் கருணாம்பிகை, அவருக்கு வலப்பக்கம் சென்னியப்பன், இடப்பக்கம் நாச்சிமுத்து.

நாச்சிமுத்துவை அன்றுதான் பார்த்தேன். ஒரு காலத்தில் ஆஜானுபாகுவாக இருந்திருக்க வேண்டும். இப்போது சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. முகமும் காலும் வீங்கியிருந்தன. உள்ளே வரும்போதே தங்கைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் என்றால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். "கருணாம்பிகை, உங்க சிறுநீரகம் ஒண்ணை உங்க அண்ணனுக்குக் கொடுக்க நீங்களா முழு மனசோட சம்மதிக்கிறீங்களா? யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே?"

பட்டையின் சிறு விளக்கு மஞ்சளானது. வார்த்தை உருவாகிவிட்டது, ஆனால் பிடித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றியது. எனக்குப் பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்துவிட்டேன். மூன்று. நாலு. ஒரு அதிகாரி என்னைப் பார்த்து, கருவி வேலை செய்கிறதா என்று புருவத்தால் கேட்டார். செய்கிறது என்று தலையசைத்தேன். ஆறு. விளக்கு அணைந்து மறுபடி மஞ்சளானது. எட்டு. சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து. பதினொன்று.

"போதும் அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "எனக்குப் பதில் கெடைச்சிருச்சுங்க டாக்டர். என்ற தங்கச்சிய எனக்குத் தெரியாதுங்களா? அன்னைக்குப் பட்டுன்னு சரின்னதுமே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஆசையில காதைப் பொத்திக்கிட்டேன்." தங்கையின் தலையில் கையை வைத்தார். "வெசனப்படாத கண்ணு. லிஸ்ட்ல என்ற பேரும் இருக்குதுல்ல, வரும்போது வரட்டும்."

கருணாம்பிகையின் விளக்கு அணைந்துபோனது. அவர் அண்ணனின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பட்டை ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மா கோப்பில் எழுதினார். "சம்மதம் கிடைக்கலைன்னு போடறேன். நீங்க திங்கக்கிழமைக்குள்ள பதிவைப் பத்தி எழுதி அனுப்பிடுங்க. அதுல வேற மாதிரி ஏதும் இருந்தா மறுபடியும் கூப்பிடுவோம்" என்றார் என்னிடம்.

நான் காற்றில் மிதந்துகொண்டுதான் ஆபீஸ் வந்தேன். பரிதியிடம் கையைத் தட்டிச் சொன்னேன், ஒரு பெண்ணின் உடம்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று. அவர் ரொம்ப நேரம் கழித்து, "நல்லதுங்க" என்றார். அதை எந்தக் கணக்கில் எடுப்பது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதிவைத் திறந்தேன்.

முதல் வார்த்தை "சரிங்க." நாலரை நொடி பிடித்து வைத்து விழுங்கியிருந்தார். இரண்டாவது "வேண்டாம்" என்று பாதி உருவாகி, அதுவும் உள்ளே போயிருந்தது. அதுவரை எல்லாம் நான் எதிர்பார்த்தபடிதான். மூன்றாவது ஒன்று இருந்தது. எட்டாவது நொடியில் ஆரம்பித்து முழு வாக்கியமாக உருவாகியிருந்தது. "நான் தர்றனுங்கண்ணா."

இறுக்கக் கோட்டைப் பார்த்தேன். பதினோராவது நொடியில் தசை தளர ஆரம்பித்திருந்தது. வார்த்தையை விடப்போகிறார். இன்னும் கால் நொடி. அந்தக் கால் நொடியில், பட்டை பதிந்திருந்த அறைச் சத்தத்தில் நாச்சிமுத்துவின் "போதும்" ஆரம்பிக்கிறது. தசை சட்டென்று இறுகுகிறது. வாக்கியம் உள்ளே போய்விட்டது.

அண்ணன் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்த பெண்.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஒரு மனிதன் பிழைப்பதற்கான வாக்கியம் என் திரையில் இருக்கிறது, அந்த மனிதனோ பதில் கிடைத்துவிட்டது என்று எழுந்து போய்விட்டான். உளி வெட்டியபடியே விட்டிருந்தால் முதல் "சரிங்க" வெளியே போய், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பார்கள். அது தப்பான சம்மதம். இது சரியான சம்மதம், ஆனால் வெளியே வரவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு மதியம் கணபதிக்குப் போனேன். பட்டறைக்கு விடுமுறை. சென்னியப்பன் காபி வைக்க உள்ளே போனார். கருணாம்பிகை ஒரு கூடையில் பிளாஸ்க், துண்டு, ஒரு தலையணை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்கு நாலு மணிக்கு டயாலிசிஸுங்க. இனிமே நாந்தான் கூட்டிட்டுப் போறது."

நான் சுற்றிவளைக்கத் தெரியாதவள். "அன்னிக்கு மூணாவதா நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு பார்த்துட்டேன்" என்றேன்.

அவர் கை நின்றது. கோபப்படவில்லை. "அதுவும் அதுல வந்துருமுங்களா?"

"வந்துரும். உங்களைக் கேட்காம நான் பார்த்தது தப்பு. ஆனா பார்த்துட்டேன். உங்க அண்ணன் ஒரு நொடி சும்மா இருந்திருந்தா..."

"சொல்லியிருப்பனுங்க."

"அப்ப இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலை. நாளைக்கு நான் எழுதி அனுப்பினா மறுபடியும் உங்களைக் கூப்பிடுவாங்க. இல்லைன்னா நீங்களே அண்ணன்கிட்ட சொல்லலாம். நான் எழுதட்டுமா?"

"வேண்டாமுங்க."

பட்டென்று வந்தது. விளக்கு மஞ்சளாகவே இல்லை. காபியோடு வந்த சென்னியப்பன் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"ஏன்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "உங்க அண்ணன் உயிர் இது. நீங்களா யோசிச்சு, நீங்களா எடுத்த முடிவு. யாரும் பிடுங்கலை."

அவர் தலையணையைக் கூடைக்குள் அழுத்தி வைத்தார். விளக்கு மஞ்சளானது. நான் எண்ண ஆரம்பித்து, இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். வெளியே யாரோ சைக்கிள் ரிக்‌ஷாவில் உப்பு விற்றுக்கொண்டு போனார்கள். சென்னியப்பன் டம்ளரைச் சத்தமில்லாமல் சன்னலில் வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒருத்தர் பேசக் காத்திருந்ததில்லை.

"தர்றேன்னுதானுங்க சொல்ல வந்தேன்" என்றார் கடைசியில். "அது பொய்யில்லீங்க. இவ்வளவு பெரிய அண்ணன், காலு வீங்கிக்கிட்டு உக்காந்திருக்கறாரு, எப்புடிங்க மாட்டேம்பேன்? மனசைத் திடப்படுத்திக்கிட்டு வாயைத் தொறந்தேன். அப்ப அவரு எந்திரிச்சுப் போதும்னாருங்க. அந்தச் சொல்லு காதுல விழுந்ததும் எனக்கு ஒரு சந்தோசம் வந்துச்சு பாருங்க, இந்த ஒடம்பு முச்சூடும். என்ற கல்யாணத்தன்னைக்குக்கூட அப்புடி ஒரு சந்தோசம் வந்ததில்லீங்க. அண்ணன் செத்துப்போவாருன்னு தெரிஞ்சும் வந்துச்சு. மூணு நாளா அதை நெனச்சு அழுவறேன், ஆனாலும் வந்தது வந்ததுதானுங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அது உங்க பதிவுல இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

"அப்ப பதில் வரலீன்னே எழுதிருங்க."

திங்கட்கிழமை அவர் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். நாச்சிமுத்து இன்னமும் வாரத்துக்கு மூன்று நாள் போய்வருகிறார், கருணாம்பிகைதான் கூட்டிப்போகிறார்.